குழியிலிருந்து ஏறி வந்த பல்செட் அக்கா

வதந்தி இதுதான்: பல்செட் அக்கா செத்த ஆளை எழுப்பிவிட்டார், எழுப்பியதோடு நிற்காமல், அந்த ஆளை வைத்தே ஜெயித்தும்விட்டார்.

இதைக் கேட்டு ஊரே கொந்தளித்தது என்று எழுத ஆசைதான். ஊருக்கு இன்றுவரை விஷயமே தெரியாது. வதந்தி பரவியது மொத்தம் மூன்று பேருக்குள். மூவரும் நகல் கடையின் பின்னறையில், பிரிக்காத காகிதக் கட்டுகளை நாற்காலியாக்கி உட்காருகிறவர்கள். ஆனால் அந்த மூவருக்கும் அது எப்பேர்ப்பட்ட செய்தி என்றால், மருந்துக்கடைக்காரி இருமல் மருந்தைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறந்தாள். கண்டக்டர் விசில் கொடுக்க மறந்து, இறங்க வேண்டியவர்களை அடுத்த நிறுத்தம் வரை சுமந்து போய் அவர்கள் வாயில் விழுந்தார். நகல் கடைக்காரர் யாரோ ஒருவருடைய வீட்டுப் பத்திரத்தை முன்பக்கம் மட்டும் நகல் எடுத்துக் கொடுத்தனுப்பினார்.

செத்தது யார் என்று உடனே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் யாராவது மாலையோடு கிளம்பிவிடுவார்கள். செத்தது ஒரு சுழி. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்குமே, அதே சுழி. கணினியில் ஆடும் ஓர் ஆட்டத்தில் அந்தச் சுழிதான் நீங்கள். ஆட்டத்துக்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. இவர்கள் ‘குழி’ என்பார்கள்.

குழியில் படம் கிடையாது. கறுப்புத் திரை, அதில் எழுத்துகள். புள்ளி என்றால் தரை, கோடு என்றால் சுவர். சின்ன எழுத்து வந்தால் சின்ன ஆபத்து, பெரிய எழுத்து வந்தால் பெரிய ஆபத்து. தளம் தளமாக இறங்கி, அடித்தளத்தில் இருக்கும் விளக்கை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வர வேண்டும். ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் குழி புதிதாகத் தன்னை வெட்டிக்கொள்ளும். நேற்று படிக்கட்டு இருந்த இடத்தில் இன்று பாம்பு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர் ஒன்றுதான். செத்தால் திரையில் ஒரு கல்லறை வரும், யார் கையால் செத்தீர்கள் என்று அதில் எழுதியிருக்கும், மாதக்கணக்கில் வளர்த்த ஆளை ஆட்டமே அழித்துவிடும். திரும்பவும் முதல் படி. பளபளவென்று படம் போட்ட ஆட்டங்களை ஆடுகிறவர்களைப் பற்றி இவர்களுக்கு ஒரே கருத்து: அடுத்தவன் மென்று கொடுத்ததை விழுங்குகிற கூட்டம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆடுவதைவிட ஆடியதைப் பேசுவதில்தான் இவர்களுக்குச் சுகம். சனிக்கிழமை மதியம் நகல் கடை ஷட்டர் பாதி இறங்கும். அந்த வாரம் செத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று சாவு சொல்ல வேண்டும். நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை டீ கிடையாது. ‘விதி’ என்ற சொல் அந்த அறையில் செல்லாது. செத்தது கடைசி அடியில் இல்லை, அதற்கு வெகுநேரம் முன்பே எங்கோ ஓர் அடியில் செத்தாகிவிட்டது என்பது இவர்கள் சித்தாந்தம். அந்த அடியைக் கேட்கிறவர்கள் தோண்டி எடுத்து, சொன்னவர் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். வாரத்தின் மகா முட்டாள்தனமான சாவுக்குச் சக்கரம் வைத்த ஒரே நாற்காலி பரிசு.

பிறகு வழக்கு மேல் வழக்கு. பட்டினியால் சாவது கேவலமா, தான் எறிந்த ஈட்டி சுவரில் பட்டுத் திரும்பிக் குத்திச் சாவது கேவலமா? படிக்கட்டில் ஏறி ஓடுவது கோழைத்தனமா, சாமர்த்தியமா? எந்த மருந்து என்று தெரியாத புட்டி கிடைத்தால் குடித்துப் பார்ப்பதா, எதிரி தலையில் உடைத்துப் பார்ப்பதா? கடைசிக் கேள்வியில் மருந்துக்கடைக்காரிக்குச் சந்தேகமே வந்ததில்லை. சீட்டு இல்லாமல் தலைவலி மாத்திரைகூடத் தராதவள், குழியில் இறங்கினால் கண்ணில் பட்ட புட்டியையெல்லாம் அண்ணாந்து குடிப்பாள். ஒருமுறை கண் போனது, ஒருமுறை கல்லானாள், ஒருமுறை காற்றில் மிதந்துகொண்டே படிக்கட்டில் இறங்க முடியாமல் பட்டினி கிடந்து செத்தாள். சக்கர நாற்காலி பெரும்பாலும் அவளுக்கே.

இவர்களிடம் மன்னிப்பே இல்லாத பாவம் ஒன்றுண்டு. ஆட்டத்தின் கோப்பை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, செத்ததும் அதைப் போட்டு எழுந்துகொள்வது. நகல் எடுத்தே வயிறு வளர்க்கும் மனிதர், உலகத்தில் இதைவிட ஈனமான தொழில் இல்லை என்று அடித்துச் சொல்வார். சொல்லும் தகுதியும் அவருக்கு உண்டு. விளக்கோடு மேலே வந்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். அந்த வெற்றித் திரையின் அச்சுத் தாள் சுவரில், நாலு மூலையும் டேப் ஒட்டி, பழுத்துப்போய்த் தொங்குகிறது. பக்கத்தில் இன்னொரு தாளுக்கு இடம் விட்டிருக்கிறார். அந்த இடத்தைப் பதினொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் பல்செட் அக்கா.

அக்காவுக்கு வேலை பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் பதித்து, ஈறு நிறத்தில் வார்த்து, அரத்தால் தேய்த்து மெருகேற்றுவது. முகம் தெரியாதவர்களின் வாய்கள் மேஜையில் வரிசையாகத் திறந்திருக்கும். ஒரு பல்லை வைப்பதற்கு முன் மூன்று தடவை வைத்துப் பார்ப்பார். ஒருமுறை வைத்துப் பார்ப்பவர்கள் செய்த செட்டைப் போட்டவர் ‘ச’ சொன்னால் விசில் வரும் என்பது அவர் கட்சி. நல்ல பற்கள் கொஞ்சம் எப்போதும் இழுப்பறையில் பத்திரமாக இருக்கும். “நாளைக்கு ஒரு நல்ல வாய் வரும்” என்பார். அந்த நல்ல வாய் இன்னும் வரவில்லை.

வீட்டிலும் அதே கதை. விருந்தாளிக்கென்று வாங்கிய கோப்பைகளை விருந்தாளி வந்தாலும் எடுப்பதில்லை. இவரைவிடப் பெரிய விருந்தாளி வந்தால்? புதுத் துண்டுகள் அலமாரியிலேயே பழசாகும். அவர் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், வாயாடி, நல்ல மனுஷர். “நம்ம வீட்ல புதுசா ஒரு பொருள் வேணும்னா திருடன்தான் வந்து எடுத்துக் குடுக்கணும்” என்று வேனில் ஏறும் பிள்ளைகளிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே குழியில் அக்கா எப்படிச் சாவார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. மூட்டை நிறையப் புட்டி, மந்திரம் எழுதிய சுருள், மந்திரக்கோல். எல்லாம் ஆபத்துக் காலத்துக்கு. ஆபத்து வரும். ‘இதைவிடப் பெரிய ஆபத்து பின்னால் வந்தால்?’ என்று அக்கா யோசிப்பார். யோசித்துவிட்டு, மூட்டையைத் திறக்காமலே அடுத்த அடி வைப்பார், கல்லறை வந்துவிடும். பின்னறையில் இதற்குப் பெயரே உண்டு: ‘பல்செட் சாவு’. யாராவது உபயோகிக்காத மருந்தோடு செத்தால், “பல்செட் போட்டுக்கிட்டியா?” என்று கேட்பார்கள். அக்காவும் சிரிப்பார். ஆனால் செத்துவிட்டு வீட்டுக்குப் போனால் நாலு நாள் வாய் திறக்க மாட்டார். பல்செட் செய்கிறவர் வாயே பூட்டிக்கிடந்தால் வீடு என்னாகும்? வீட்டுக்காரர் சுவரோடு பேசுவார்.

இனி வதந்தியின் வாலைப் பிடித்துத் தலை எங்கே என்று தடவிப் பார்க்கலாம்.

மருந்துக்கடைக்காரிக்குச் சொன்னது நகல் கடைக்காரர். நகல் கடைக்காரருக்குச் சொன்னது கண்டக்டர். “நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லலண்ணே, கேட்டதைத்தான் சொன்னேன்” என்பது அவர் வாக்குமூலம். ‘கல்லறையைக் கண்ணால பாத்தாராம்’ என்ற இடம் மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு என்பது குறுக்கு விசாரணையில் தெரிந்தது. கண்டக்டருக்குச் சொன்னது யார்? சனிக்கிழமை காலை, பஞ்சர் கடையில், கழற்றிப் போட்ட டயர் மேல் உட்கார்ந்து பெருமை பொங்கச் சொன்னவர் சாட்சாத் அக்காவின் வீட்டுக்காரர்.

“உங்க அக்கா வியாழக்கிழமை செத்தாச்சுப்பா. நான்தான் பொழைக்க வச்சேன். நேத்து ஜெயிச்சுட்டா, தெரியுமா?”

கண்டக்டருக்கு அதற்கு மேல் பஞ்சர் ஒட்டியதா இல்லையா என்றே நினைவில்லை.

அன்று மதியம் அக்கா பின்னறைக்கு வந்தபோது இதெதுவும் தெரியாது. தலை சீவி, நல்ல புடவை கட்டி, கைப்பைக்குள் பென்டிரைவைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். சுவரில் அந்தக் காலி இடத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். ஜெயித்ததும் என்ன சொல்வது என்று பதினொரு வருஷமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அறையில் யாரும் எதிர்கொண்டு சிரிக்கவில்லை. நகல் இயந்திரம்கூட அணைந்திருந்தது.

“அண்ணே, ஒரு பிரிண்ட் எடுக்கணும்.” நினைத்து வைத்த வாக்கியம் இவ்வளவாகத்தான் வெளியே வந்தது.

நகல் கடைக்காரர் பென்டிரைவை வாங்கவில்லை. “எடுக்கலாம்மா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். வியாழக்கிழமை நீ செத்தியா, சாகலையா?”

அக்காவுக்குக் காது சூடாகியது. கள்ளத்தனத்துக்கு மாட்டிக்கொண்டவர்களுக்கும் அப்படித்தான் ஆகும் என்பது அவருக்கே தெரிந்ததால் இன்னும் சூடாகியது.

“சாகல.”

“எழுந்து நின்னு சொல்லும்மா.”

அக்கா நின்றார்.

“கடைசிக்கு முந்தின தளம். தேள் கொட்டிடுச்சு. விஷம் ஏறிட்டே இருக்கு. உயிர் ஒரு சொட்டுதான் பாக்கி. அடுத்த அடி எடுத்து வச்சா போச்சு. விரல் பட்டன் மேலதான் இருந்துச்சு. யோசிச்சுக்கிட்டிருந்தேன்.”

“மூட்டையில புட்டி?” என்றாள் மருந்துக்கடைக்காரி.

“நிறைய.”

“ஐயோ, அக்கா!”

“அப்பதான் கரெண்ட் போச்சு. வீட்டுக்கு இல்ல. கம்ப்யூட்டருக்கு மட்டும். இவரு அயர்ன் பாக்ஸ் மாட்டறதுக்காக வயரைப் பிடுங்கிட்டாரு.”

குழி, படி இறங்கும்போதெல்லாம் ஆட்டத்தைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். மறுபடி கணினியைப் போட்டால் அந்தத் தளத்தின் முதல் படியில், தேள் கொட்டுவதற்கு முன்பிருந்த உடம்போடு நிற்கலாம். நகல் எடுக்கவில்லை, கோப்பைத் தொடவில்லை. ஆனாலும் சாவின் வாசலில் இருந்தவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். குழிக்காரர்களின் நீதி நூலில் இந்தப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. மூவரின் முகத்திலும் ஒரு நொடி ருசி தட்டியது. நல்ல வழக்கு கிடைத்த வக்கீல்களின் முகம். அக்கா பென்டிரைவை மறுபடி கைக்குட்டையில் சுற்றுவதைப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

அதே சமயம் வெளியே வேன் ஹாரன். மனைவியை இறக்கிவிட்டு, பரிசளிப்பு விழா முடியட்டும் என்று காத்திருந்தவர் பொறுமை இழந்துவிட்டார். கண்டக்டர் ஷட்டருக்கு அடியில் குனிந்து, “மாமா, உள்ள வாங்க, உங்களைத்தான் தேடறாங்க” என்றார். மாமா தலையை இடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்.

“மாமா, வியாழக்கிழமை அயர்ன் பண்ணீங்களா?”

“அயர்னா? எதுக்கு?”

அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது போலிருந்தது அக்காவுக்கு.

“சட்டைக்குன்னு சொன்னீங்களே!”

“அது... அப்பச் சொன்னேன்.” மாமா எல்லோர் முகத்தையும் பார்த்தார். தான் செய்தது உதவி இல்லை போலிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைக்க ஆரம்பித்தது. “இவ மூஞ்சியைப் பாத்தேன். சாகப் போறான்னு தெரிஞ்சுபோச்சு. இவ செத்தா நாலு நாள் வீட்ல பேச்சு மூச்சு கிடையாது. போன தடவை செத்தப்ப நான் என் வேன்கிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். அதான் பிடுங்கிட்டேன். தப்பாப்பா?”

“தப்பான்னா கேக்கறீங்க!” என்றார் நகல் கடைக்காரர். தேவாலயத்தில் பந்தடித்தவனைப் பார்க்கிற பாதிரியாரைப் போல நின்றார்.

அக்கா வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வருமா அழுகை வருமா என்று நிச்சயமில்லை. “நான் சொல்லி முடிக்கல” என்றார். “வெள்ளிக்கிழமை மறுபடி போட்டேன். முதல் படியில நிக்கறேன். எனக்குத் தெரியாதா அண்ணே, நான் செத்தவதான்னு? நேரா அந்தத் தேள் இருக்கற அறைக்குத்தான் போனேன். குடுக்க வேண்டிய உயிரைக் குடுத்துட்டு வந்துடலாம்னு.”

“தேள்?”

“தூங்கிக்கிட்டிருந்துச்சு.”

கண்டக்டர் தொடையில் தட்டினார். “சாகப் போனாலும் கியூ!”

“உதைச்சு எழுப்பினேன். கொட்டுச்சு. விஷம் ஏறுது. சரி, இன்னும் நாலு அடிதான்னு நினைச்சேன். அப்பதான் மூட்டையைப் பாத்தேன்.”

“சாகப் போறவ எதுக்கும்மா மூட்டையைப் பாக்கணும்?” நகல் கடைக்காரர் பிடித்துவிட்டார். வழக்கின் முடிச்சு அங்கேதான் இருந்தது. “சாகறதுன்னு போனவ மருந்தை எதுக்குக் குடிச்சே?”

பொய் சொல்வதற்கு நல்ல இடம் அது. கை தவறிப் பட்டுவிட்டது என்றால் முடிந்தது.

“செத்தவளுக்கு எதுக்கு மிச்சம்னு தோணுச்சு அண்ணே. இத்தனை வருஷமா தூக்கிச் சுமக்கறேன், ஒண்ணுகூட என்ன ருசின்னு தெரியாது. போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கலாமேன்னு ஒண்ணைக் குடிச்சேன். ஒண்ணும் ஆகல. இன்னொண்ணு. தலை சுத்துச்சு. அடுத்ததுல விஷம் இறங்கிடுச்சு. அதுக்கப்புறம் எனக்குக் கை நிக்கல. எல்லாத்தையும் குடிச்சேன். சுருளையெல்லாம் படிச்சேன். கோலையெல்லாம் வீசினேன். தேள் எப்பச் செத்துச்சுன்னே தெரியல. அடித்தளத்துக்கு இறங்கி, விளக்கை எடுத்துக்கிட்டு ஏறி வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் யாராவது கொல்லட்டும்னுதான் நினைச்சேன். ஒருத்தரும் கொல்லல.”

மருந்துக்கடைக்காரி எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா குடிச்சாங்களே, அது போதும் எனக்கு. செல்லும், செல்லும், செல்லும்.”

“நானும் செல்லும்னுதான் சொல்வேன்” என்றார் கண்டக்டர். “டிக்கெட் வாங்காதவனை நாம இறக்கி விடுவோம். இவங்க, யாரோ இழுத்துப் போட்ட பஸ்ஸை விட்டுத் தானா இறங்கி, பின்னால நடந்து போயி, விட்ட ஸ்டாப்லேயே ஏறி டிக்கெட் எடுத்திருக்காங்க. இதுக்கு மேல ஒரு பயணி என்ன செய்யணும்?”

“பஸ் வேற, குழி வேற.”

“உங்களுக்குச் சுவத்துல தனியா இருக்கணும், அதானே அண்ணே?” என்றாள் மருந்துக்கடைக்காரி.

இந்த அம்பு தைத்தது. நகல் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் தனிமை அவருக்குப் பிடித்திருந்ததா, அலுத்திருந்ததா என்று அவருக்கே தெரியாத ஒரு நிமிஷம் அது. பிறகு இயந்திரத்தைப் போட்டார். அது இருமிக்கொண்டு உயிர் பெற்றது. பென்டிரைவுக்காகக் கையை நீட்டினார்.

தாள் சூடாக வெளியே வந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்துகள், நடுவே ஒரு சுழி, அதன் பக்கத்தில் விளக்கு. அக்கா அதைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். நகல் கடைக்காரர் திரும்ப வாங்கி, சுவரில் அந்த இடத்தில் வைத்து, ஒரு மூலைக்கு டேப் ஒட்டினார். இரண்டாவது மூலை. மூன்றாவது மூலை. டேப்பைக் கீழே வைத்துவிட்டார்.

“நாலாவது?” என்றார் அக்கா.

“குழிக்கு நீ ஒரு உயிர் குடுக்கணும்மா. அதை உன் வீட்டுக்காரர் நடுவுல மறிச்சுட்டாரு. நீ குடுக்கத்தான் போனே, ஒத்துக்கறேன். ஆனா அது வாங்கிக்கல. வாங்கிக்காத வரைக்கும் பாக்கி பாக்கிதான். அடுத்த ஆட்டத்துல ஒரு சாவு கொண்டு வந்து இங்க நின்னு சொல்லு. நானே நாலாவதை ஒட்டறேன்.”

“இவ்வளவுதானே” என்றார் மாமா நிம்மதியாக. “ராத்திரியே செத்துட்டுக் காலையில சொல்லிடுவா.”

“வேணும்னே செத்தா செல்லாது!” என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அக்காவும் சேர்ந்து சொன்னதை அவர்களில் யாரும் கவனிக்கவில்லை.

“உயிரைக் காப்பாத்த முழு மனசா ஆடணும்” என்று நகல் கடைக்காரர் மாமாவுக்கு விளக்கினார். “ஆடியும் சாகணும். அப்பதான் சாவு.”

வேனில் திரும்பும்போது அக்கா நாலு நாள் மௌனத்தை அங்கேயே ஆரம்பித்துவிடுவாரோ என்று மாமா பயந்தார். இரண்டு தெரு தாண்டியதும் அக்கா, “சட்டைக்கு அயர்னாமே, சட்டைக்கு” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

பாக்கியை அடைப்பது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். செத்துச் செத்து இருபது கல்லறை பார்த்தவருக்கு இன்னொன்று வராமலா போகும்? ஆனால் அக்கா இப்போது புட்டியைக் கண்டால் குடிக்கிறார், கோலைக் கண்டால் வீசுகிறார். பயம் விட்டுப்போன ஆளைக் குழிக்கும் கொல்லத் தெரியவில்லை. மாதங்கள் ஓடிவிட்டன. அக்காவின் புதுச் சுழி, எத்தனையோ தளங்களுக்குக் கீழே, கன்னத்தில் நல்ல சதையோடு உலாவிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் சமையலறை ஜன்னல் வழியாக, “இன்னிக்காவது செத்தியா?” என்று ஆசையாகக் கேட்பதும், “இல்லைங்க” என்று அக்கா வருத்தமாகச் சொல்வதும் பக்கத்து வீட்டம்மாவைக் கொஞ்சம் கவலைப்பட வைத்திருக்கின்றன.

சனிக்கிழமைகளில் எல்லோரும் அவரவர் சாவைச் சொல்லி முடித்ததும், நகல் கடைக்காரர் அக்கா பக்கம் திரும்புவார்.

“பாக்கி என்னாச்சும்மா?”

“இருக்கு அண்ணே. இன்னும் இழுத்துக்கிட்டுதான் இருக்கு.”

“அவசரமில்ல” என்பார் அவர். கண்டக்டர் மின்விசிறியை ஒரு படி கூட்டுவார். சுவரில் அந்தத் தாளின் ஒட்டாத மூலை படபடவென்று அடித்துக்கொள்ளும்.